நாயைக் கொடுங்கள்... குறையையும் சொல்லிக் கொடுங்கள்!

'நாய் விற்ற காசு குரைக்காது' என்று ஒரு பழமொழி உண்டு. காசு குரைக்காதுதான். ஆனால், கைமாறிப் போன நாய் குரைக்கும். சமயத்தில் கடிக்கவும் செய்யும்!

"வீட்டில வச்சு சமாளிக்க முடியலை சார்... நல்ல இடமா பார்த்துக் கொடுத்துட்டோம்" என்று நிம்மதிப் பெருமூச்சோடு சொல்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். இடம் நல்ல இடமா என்று நீங்கள் விசாரித்தீர்கள், சரி. 'நாய் நல்ல நாய்தானே?' என்று அவர்கள் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அங்கேதான் பலருக்கு நாக்கு குழறுகிறது.

'சித்த வைத்தியருக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாய் கடித்துவிட்டால், "நாட்டு மருந்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் எங்களைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் தெருநாயிடம் கடிபட்டவர்கள் இல்லை. சொந்த வீட்டு நாயிடம் கடிபட்டவர்களும் இருக்கிறார்கள். அதிலும், 'புதுசா வந்த நாய்' என்று சொன்னால் நான் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பேன். பெரும்பாலும், பழைய வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒரு குறை, புது வீட்டில் யாருக்கும் சொல்லப்படாமல் இருக்கும்.

ஆகவே, நாயைப் பழக்காமல் வளர்த்துவிட்டு, இப்போது யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைக்கிற குடும்பங்களுக்காக இந்தக் கட்டுரை.

கொடுக்கத்தான் வேண்டுமா?

முதலில் இதை யோசியுங்கள். நாயைக் கொடுப்பதற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் பாதி, கொஞ்சம் முயற்சி செய்தால் சரியாகிவிடக் கூடியவைதான்.

"மருமகள் உண்டாகி இருக்கா... நாய் இருக்கக் கூடாதாமே?" இது அடிக்கடி வருகிற சந்தேகம். கர்ப்பத்தைப் பாதிக்கிற 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற கிருமி, பூனையின் மலத்தின் மூலமும் சரியாக வேகாத இறைச்சியின் மூலமும்தான் முக்கியமாகப் பரவுகிறது. அதற்காக நாயை வெளியேற்ற வேண்டியதில்லை. நாய்க்குத் தடுப்பூசி போட்டு, குடற்புழு மருந்து கொடுத்து, உண்ணி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். குழந்தை பிறந்த பிறகு, குழந்தையையும் நாயையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. இது எவ்வளவு சாதுவான நாய்க்கும் பொருந்தும்.

"பையனுக்கு இழுப்பு வருது, நாய் முடிதான் காரணம்" என்பது இன்னொன்று. காரணமாக இருக்கலாம். ஆனால் தூசி, கொசுவர்த்திப் புகை, பூஞ்சைக் காளான்கூடக் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி, அலர்ஜி பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு முடிவெடுங்கள்.

வேலை மாற்றம், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாதது, வயதானவர்களால் பெரிய நாயை இழுத்துப் பிடிக்க முடியாதது... இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நாயைக் கொடுப்பது பாவம் இல்லை. எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பாவமும் புண்ணியமும் இருக்கிறது.

நோயா, பழக்கமா?

நோய்க்கு மருந்து கொடுப்பதற்கு முன் அதன் காரணத்தைத் தேடு என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். நாய் விஷயத்திலும் அதேதான்.

நன்றாக இருந்த நாய் திடீரென்று உறுமுகிறதா? தொட்டால் கடிக்க வருகிறதா? முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல் சொத்தை, தோல் புண் இருந்தால் அந்த இடத்தைத் தொட்டவுடன் சீறும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய ஜாதிகளில் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். குழந்தை ஆசையாக முதுகில் சாயும். நாய்க்கு உயிர் போகிற வலி. அது வாய் திறந்து சொல்ல முடியாது. பல்லால்தான் சொல்லும். வலிக்கு வைத்தியம் பார்த்தாலே 'கடிக்கிற நாய்' பழைய நாயாகிவிடுவது உண்டு.

நோய் இல்லை என்று தெரிந்துவிட்டால் மிச்சம் பழக்கம்தான். குட்டி பிறந்து சுமார் 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை உள்ள காலம் மிக முக்கியமானது. அந்த வயதில் பார்த்த மனிதர்கள், கேட்ட சத்தங்கள், நடந்த தரை எல்லாம் 'பயப்பட வேண்டாதவை' என்று அதன் மனதில் பதிந்துவிடும். கூண்டுக்குள்ளேயோ மொட்டை மாடியிலேயோ வளர்ந்த குட்டி, பெரிதானதும் எதைக் கண்டாலும் மிரளும். மிரளுகிற நாய்தான் பெரும்பாலும் கடிக்கிற நாய். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்பதையும் நம்பாதீர்கள். குரைத்துவிட்டுக் கடித்த நாய்கள் ஏராளம்!

ஒரு மாதம் முயன்று பாருங்கள்

'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்பார்கள். வாலை நிமிர்த்த முடியாது. நாயைத் திருத்த முடியும். மூன்று வயது நாயும் கற்றுக்கொள்ளும், ஏழு வயது நாயும் கற்றுக்கொள்ளும். கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டாலும் இந்த ஒரு மாதப் பயிற்சியைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது நாலு விஷயம் சொல்லி அனுப்புவதில்லையா, அதுபோல!

* ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்தே நிமிஷம் போதும். 'உட்கார்', 'வா', 'விடு' என்ற மூன்று சொற்களை மட்டும் கற்றுக்கொடுங்கள். சரியாகச் செய்தவுடன் வேகவைத்த முட்டையில் ஒரு சிறு துண்டு.

* வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா 'உட்கார்' என்றும், மகன் 'சிட்' என்றும், பாட்டி 'சும்மா இருடா' என்றும் சொன்னால் அது யார் பேச்சைக் கேட்கும்?

* மேலே தாவுகிற நாயைத் திட்டாதீர்கள், தள்ளாதீர்கள். முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்ட பிறகு கொஞ்சுங்கள்.

* எதையாவது வாயில் கவ்விக்கொண்டால் பிடுங்காதீர்கள். அதைவிட ருசியானதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

* உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது நாய் கொடுக்கிற எச்சரிக்கை மணி. மணியை உடைத்துவிட்டால், அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிதான்.

* காலையிலும் மாலையிலும் நடத்திக் கூட்டிப் போங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு எரிச்சல் ஏறுமே தவிர அடக்கம் வராது.

ஏற்கெனவே கடித்த நாய் என்றால் இந்தச் சில்லறை வைத்தியம் போதாது. கால்நடை மருத்துவரின் ஆலோசனையும், அடிக்காமல் பழக்கத் தெரிந்த பயிற்சியாளரின் உதவியும் கட்டாயம் வேண்டும்.

ஒரு வாக்கியம் சொல்லாததால்...

ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர் ஏழு வயதுப் பேரனை என்னிடம் அழைத்து வந்தார். பையனின் முன்கையில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. வீட்டுக்கு வந்து பதினோரு நாளே ஆன, இரண்டரை வயது நாய். "ரொம்ப சாது சார், குழந்தை மாதிரி" என்று சொல்லித்தான் தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருக்கிறார். நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையன் அதன் தட்டை நகர்த்தியிருக்கிறான். அவ்வளவுதான்.

"பச்சிலை ஏதாவது வச்சுக் கட்டுங்க டாக்டர், ஊசின்னா பையன் பயப்படறான்" என்றார் பெரியவர். காயத்தை சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, "பச்சிலைக்கு இங்கே வேலை இல்லை. இப்பவே அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் அவர் பழைய உரிமையாளருக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். வந்த பதில்: "ஆமாங்க... சாப்பிடறப்ப மட்டும் கிட்ட போகக் கூடாது. சொல்ல விட்டுப்போச்சு!"

அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் அது. அதைச் சொல்லியிருந்தால் நாய்க்குத் தனி இடத்தில் சோறு வைத்திருப்பார்கள். பையனுக்கு ஊசி இல்லை. நாய்க்குக் கெட்ட பெயர் இல்லை. குறையைச் சொன்னால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்களே என்ற பயம்தான் வாயைக் கட்டிப் போடுகிறது. ஆனால் குறையைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்தான் அந்த நாயைக் கடைசி வரை வைத்திருப்பார். தெரியாமல் வாங்கியவர் பத்தே நாளில் அதைத் தெருவில் விடுவார்.

எட்டு வகைத் தேர்வு

சித்த மருத்துவத்தில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகையாக நோயாளியைப் பரிசோதிப்போம். நாயைக் கொடுக்கிறவர்களும் எட்டுக் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுதியது இருக்கும்.

1. கடி: யாரையாவது கடித்திருக்கிறதா? எப்போது, என்ன சூழ்நிலையில்? ரத்தம் வந்ததா? கடிக்காவிட்டாலும் பல்லைக் காட்டி உறுமியது உண்டா?

2. தட்டு: சாப்பிடும்போதும், எலும்பு கடிக்கும்போதும் பக்கத்தில் போகலாமா? தூங்கும்போது தொட்டு எழுப்பலாமா?

3. மனிதர்கள்: சின்னக் குழந்தைகள், கைத்தடி ஊன்றும் முதியவர்கள், பால்காரர், தபால்காரர்... யாரைக் கண்டால் ஆகாது?

4. பிராணிகள்: மற்ற நாய், பூனை, கோழி, ஆடு இவற்றிடம் எப்படி? ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு ஓடுகிற எதையும் துரத்துவது பிறவிக் குணம்.

5. தெரு: சங்கிலியை இழுக்கிறதா? மோட்டார் சைக்கிளைத் துரத்துகிறதா? கேட் திறந்திருந்தால் ஓடிவிடுமா?

6. தனிமை: வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் ஊளையிடுமா, கதவைப் பிறாண்டுமா? எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்?

7. பயம்: பட்டாசு, இடி, குக்கர் விசில், கையில் குச்சி... எதற்கு மிரளும்? உடம்பில் எங்கே தொட்டால் பிடிக்காது?

8. உடம்பு: வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாகப் போட்ட தேதி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆபரேஷன், இருக்கிற நோய், சாப்பிடுகிற மருந்து, சாப்பாட்டு வேளை, மலஜலம் கழிக்கிற பழக்கம்.

எட்டுக்கும் 'பிரச்னை இல்லை' என்று எழுதுகிறீர்களா? அப்படியானால் ஏன் கொடுக்கிறீர்கள் என்ற கேள்வி வருமே! உண்மையை எழுதுங்கள்.

யாருக்குக் கொடுப்பது?

"கிராமத்துல தோட்டம் இருக்கு, அங்க விட்டுடறோம்." நகரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தோட்டம் என்றாலே சொர்க்கம் என்று நினைப்பு. ஏ.சி. அறையில் தூங்கிப் பழகிய நாயைத் தென்னந்தோப்பில் கட்டிப்போட்டால், பாம்பும் உண்ணியும் வெயிலும் அதற்குப் புதிது. ஒரு வேளைச் சோறு, 24 மணி நேரச் சங்கிலி. ஏற்கெனவே மிரளுகிற நாய் அங்கே முழு முரடாகிவிடும். வாட்ச்மேனிடம் தள்ளிவிடுவதும் இப்படித்தான். முதலாளி கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாதே!

கொடுக்கும் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? பகலில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? முன்பு நாய் வளர்த்த அனுபவம் உண்டா? தட்டைக் காக்கிற நாயையும், குழந்தையைக் கண்டு உறுமுகிற நாயையும் சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அவர்களே கேட்டாலும் கூடாது. குட்டி போட வைப்பதற்காகக் கேட்கிறவர்களும் உண்டு. கருத்தடை செய்து கொடுத்தால் அவர்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள்.

ஒரு கசப்பான உண்மை. ஆழமாகப் பலரைக் கடித்த நாயை, 'வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்' என்று கைமாற்றுவது, வெடியைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது போல. அந்த நாயை உங்களிடமே வைத்து, உயரமான கேட், வாய்மூடி, தனி அறை என்று பாதுகாப்போடு பராமரிப்பதா, அடுத்து என்ன செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். நாய் யாரையாவது கடித்துவிட்டால், கோபத்தில் அன்றைக்கே அதை எங்கேயாவது கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து. கடித்த நாயைக் குறைந்தது 10 நாட்கள் பத்திரமாகக் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், அந்த 10 நாட்களுக்குள் நோய் வெளிப்பட்டு நாய் இறந்துவிடும். நாயையே காணோம் என்றால் டாக்டருக்கு அந்தத் தகவல் கிடைக்காது. கடித்த நாயை அந்த நாட்களில் யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

கைமாற்றும் முறை

ஒரே நாளில் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். புதியவர்களை இரண்டு மூன்று தடவை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி, அவர்கள் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அவர்கள் வீட்டுக்கு நாயை அழைத்துப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

அதன் தட்டு, படுக்கும் சாக்கு, கழுத்துப் பட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் கூடவே போக வேண்டும். முதல் பத்து நாளைக்குப் பழைய சாப்பாடே தொடரட்டும். புது இடம் பிடிபட 3 நாள், வீட்டு வழக்கம் புரிய 3 வாரம், 'இது நம்ம வீடு' என்று ஆக 3 மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவரை கேட்டைப் பூட்டியே வைக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டைத் தேடி ஓடி, வண்டியில் அடிபடுகிற நாய்கள் உண்டு.

உரிமம் வாங்கிய நாய் என்றால், பெயர் மாற்றம் பற்றி மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுச் செய்யுங்கள். சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. சிப்பில் உங்கள் பெயர் இருக்கும்வரை, கேள்வி உங்களிடம்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குறுதி கொடுங்கள்: "உங்களால முடியலைன்னா தெருவில் விட்டுடாதீங்க. எங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க." இதைச் சொல்லத் துணிவு இருக்கிறவர்தான் நாயைக் கொடுக்கத் தகுதி உள்ளவர்.

தெருவில் விட்டால்...

கோயில் வாசல், மீன் மார்க்கெட், புறவழிச் சாலை... இரவோடு இரவாக நாயை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தெருநாய்கள் அதை எல்லைக்குள் சேர்க்காது. பசியும் பயமும் சேர்ந்தால் எந்த நாயும் கடிக்கும்.

சட்டமும் சும்மா இல்லை. 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான் என்பது வேறு விஷயம்! ஆனால் தன் வசமுள்ள பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதும், உரிமையாளர் கைதானதும் நினைவிருக்கும்.

நாய் கடித்தால் உடனே செய்ய வேண்டியவை

* ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள்.

* மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி, பச்சிலை எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.

* அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். தோலில் போடுகிற முறையில் 0, 3, 7, 28-ம் நாட்களில் ஊசி. முதல் நாள்தான் '0'. ஒன்றையும் விடக் கூடாது.

* ரத்தம் வரும்படி கடித்திருந்தால், காயத்தைச் சுற்றி 'இம்யூனோகுளோபுலின்' மருந்தும் தேவை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

* 'வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டாக்டர் சொல்லட்டும்.

* வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. வேர், விழுது, மந்திரிப்பு என்று நாளைக் கடத்தாதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்: இதற்கு ஊசிதான் வழி.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

"டாமி ஊருக்குப் போயிருக்கு, வந்துடும்" என்று பொய் சொல்லாதீர்கள். தினமும் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தப் பிஞ்சு மனது. நடந்ததை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். "நாம அதுக்குச் சரியா சொல்லிக் கொடுக்கலை. அதைப் பார்த்துக்கத் தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போகுது" என்று சொல்லலாம். எட்டுக் கேள்விகளுக்கான தாளை எழுதும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாயைப் பற்றி நமக்குத் தெரியாத எத்தனையோ விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த முறை குட்டி வாங்க ஆசைப்படும்போது, அந்தத் தாள் அவர்களுக்கு ஞாபகம் வரும்.